க்ரூப் ப்ராஜெக்ட்னா ஒருத்தர் தலையில கட்டுறதா? பனியன் கம்பெனி லைன் சொல்லித்தரும் ஆன்லைன் டீம் ஒர்க்!

ராத்திரி 11.40 மணி. 'நொய்யல் ப்ராஜெக்ட் ஃபைனல்' என்ற வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. "நாளைக்குக் காலைல 10 மணிக்கு அப்லோட் பண்ணணும். யாரெல்லாம் உங்க பார்ட்டை முடிச்சிருக்கீங்க?"

க்ரூப்பில் ஐந்து பேர். நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கட்டைவிரல் எமோஜி போடுகிறார். ஒருவர் "நாளைக்குக் காலைல தந்துடுறேன்" என்கிறார். ஒருவர் 'டைப்பிங்' என்று காட்டிவிட்டுக் காணாமல் போகிறார். இன்னொருவர் பார்க்கவே இல்லை. மெசேஜ் போட்டவர் பெருமூச்சு விட்டுட்டு, கூகுள் டாக்ஸைத் திறந்து, ஐந்து பேர் வேலையையும் தனியாளாகச் செய்ய உட்காருகிறார்.

இந்தக் காட்சியில நீங்க யாரு? பொய் சொல்லாம யோசிங்க. ஒரு செமஸ்டர்ல பெருமூச்சு விட்டவராகவும், இன்னொரு செமஸ்டர்ல கட்டைவிரல் போட்டவராகவும் இருந்திருப்பீங்க. நம்மில் பலரும் அப்படித்தான்.

வகுப்பறையில் சார்ட் பேப்பர் ஒட்டிய காலத்தில், யார் கத்தரிக்கோல் பிடித்தார்கள், யார் வேடிக்கை பார்த்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ப்ராஜெக்ட் முழுக்க ஷேர்டு டாக்குமென்ட், ஸ்லைடு, வாட்ஸ்அப் க்ரூப் என ஆன்லைனுக்குப் போய்விட்டது. ஒளிஞ்சுக்கிறது சுலபமாயிடுச்சு. அதேநேரம், யார் என்ன செய்தார் என்பது எழுத்து எழுத்தாகப் பதிவாவதும் அதே ஆன்லைனில்தான். இந்த ரெண்டையும் புரிஞ்சுக்கிட்டா, க்ரூப் ப்ராஜெக்ட்டில் பாதிச் சண்டை வராது.

தேர் வடம் பிடிக்கும்போது கை மட்டும் வைக்கிறோமா?

சித்திரையில் அவிநாசித் தேர் பார்த்திருப்பீங்க. அவ்வளவு பெரிய தேரை இழுக்க வடத்தில் அத்தனை கைகள். அதில் எத்தனை கை நிஜமாகவே இழுக்கிறது, எத்தனை கை சும்மா பிடித்திருக்கிறது? தேருக்கு மட்டும்தான் தெரியும்!

இதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அவர்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டார். 1913-ல் அந்த முடிவுகள் வெளியாகின. ஆள் கூடக் கூட மொத்த விசை கூடியது. ஆனால், ஒவ்வொருவரின் பங்கும் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்தால் தரும் விசையில் சுமார் பாதியைத்தான் ஒவ்வொருவரும் தந்தார்கள்.

எல்லோரும் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுக்காததால் ஒரு பகுதி வீணாகிறது. 'நான் கொஞ்சம் விட்டாலும் தெரியாது' என்ற நினைப்பில் இன்னொரு பகுதி போகிறது. 1979-ல் அமெரிக்காவில் பிப் லட்டானேயும் அவர் சகாக்களும் கைதட்டவும் கத்தவும் சொல்லிச் சோதித்துப் பார்த்தபோதும் இதே கதைதான். கூட்டமாகத் தட்டும்போது ஆளாளுக்குச் சத்தம் குறைந்தது. ஆனால், 'உன் சத்தம் தனியாகப் பதிவாகிறது' என்று தெரிந்தால் ஆட்கள் முழு மூச்சோடு இறங்குகிறார்கள் என்பதையும் அதே குழுவினரின் அடுத்தகட்ட ஆய்வு காட்டியது.

ஆக, க்ரூப் ப்ராஜெக்ட்டின் முதல் மருந்து திட்டுவது இல்லை. யார் பங்கு எது என்று தெரியும்படி செய்வது. அதை நம்ம ஊர் பல வருஷமா செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

ஒரு டி-ஷர்ட், பத்துப் பதினஞ்சு கை

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. ஆனா, ஒரு டி-ஷர்ட்டை முழுசா ஒரே ஆள் செய்யறதில்லை. நூல் ஒரு இடத்தில் வரும். நிட்டிங் இன்னொரு இடம். சாயம் ஏத்தறது வேறொரு பட்டறை. காம்பாக்டிங் முடிஞ்சு கட்டிங் டேபிளுக்கு வந்தா, ஓவர்லாக் டைலர், ஃப்ளாட்லாக் டைலர், பிசிறு வெட்டுறவங்க, செக்கிங் அக்கா, அயர்ன் மாஸ்டர், பேக்கிங் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆட்களும் இந்தச் சங்கிலியில் உண்டு. உங்க ஷேர்டு டாக்குமென்ட் மாதிரியேதான்!

இதில் ஒரு கண்ணி தாமதமானால் என்ன ஆகும்? தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்ட சரக்கை, ஆர்டர் கேன்சல் ஆகாமல் இருக்க விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தச் செலவில் லாபம் மொத்தமும் கரைந்துபோகலாம். தாமதம் செய்தது ஒரு ஆள், அடி எல்லோருக்கும். இந்தப் பாடம் நம்ம வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சுலயே இருக்கு. அதை ப்ராஜெக்ட்டுக்குக் கொண்டுவந்தா போதும்.

1. முதல் நாளே கட்டிங் பிரிச்சிடுங்க

கட்டிங் முடிந்த துணியை அப்படியே அள்ளி டைலர் முன்னால் கொட்ட மாட்டார்கள். சைஸ் வாரியாகக் கட்டுக் கட்டி, நம்பர் போட்டுத்தான் லைனுக்கு அனுப்புவார்கள். நீங்களும் 'எல்லாரும் சேர்ந்து எழுதலாம்' என்று ஆரம்பிக்காதீங்க. 'எல்லாரும்' என்று ஒரு ஆள் கிடையாது.

டாக்குமென்ட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு சின்ன அட்டவணை போடுங்க. வேலை, பெயர், தேதி. மூணே காலம். 'நொய்யலின் பாதை – நான் – புதன் இரவு.' 'சாயப்பட்டறை வழக்கு – நீ – வியாழன்.' இப்படி. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே உங்கள் உள்தேதியை வைங்க. அந்த ரெண்டு நாள்தான் செக்கிங்குக்கு.

ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருக்கட்டும். ஆனால் அவர் கட்டிங் மாஸ்டர் மட்டும்தான். எல்லோருக்கும் சேர்த்துத் தைக்கிறவர் இல்லை. க்ரூப்பில் நல்லா படிக்கிற பொண்ணு ஒருத்தி இருந்தா, மொத்த டைப்பிங்கும் அவ தலையில விழுறது நம்ம காலேஜ்களில் எழுதப்படாத சட்டம். அதை உடைக்கிறதும் பொறுப்புதான்.

2. ஷேடு மாறாம பார்த்துக்கங்க

உடம்பு ஒரு சாய லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டப்பட்டால், தைத்து முடித்த பிறகு டி-ஷர்ட்டைத் தூக்கிப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஷேடு மாறிப்போச்சு என்பார்கள். க்ரூப் ரிப்போர்ட்டில் இது அடிக்கடி நடக்கும். முதல் பக்கம் செந்தமிழ், இரண்டாம் பக்கம் பேச்சு, மூன்றாம் பக்கம் ஏதோ இணையதளத்திலிருந்து வெட்டி ஒட்டியது, எழுத்துரு வரைக்கும் வேற! படிக்கும் பேராசிரியருக்கு இரண்டே நிமிடம் போதும்.

எழுத ஆரம்பிக்கும் முன்னாடி ஐந்து விஷயத்தைப் பேசி முடிச்சிடுங்க. எழுத்துரு, தலைப்பின் அளவு, தேதியை எழுதும் முறை, ஆதாரத்தைக் குறிக்கும் முறை, எந்த நடையில் எழுதுவது. முடிந்ததும் ஒரே ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துப் பார்க்கட்டும். தட்டுற இடத்துல எல்லாம் ஷேடு மாறியிருக்குன்னு அர்த்தம்.

3. அடுத்தவர் தையலைப் பிரிக்காதீங்க

ஷேர்டு டாக்குமென்ட்டில் ரொம்பக் காயப்படுத்தும் விஷயம் எது தெரியுமா? இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய பத்தியை, காலையில் வந்து பார்த்தால் காணோம். 'நல்லா இல்லை, அதான் மாத்திட்டேன்' என்று ஒருவர் சொல்வார்.

கூகுள் டாக்ஸில் நேரடியாகத் திருத்துவதற்குப் பதில், பரிந்துரையாகத் திருத்தும் 'சஜஸ்ட்' வசதி இருக்கிறது. நீங்கள் மாற்றியது தனி நிறத்தில் தெரியும். எழுதியவர் ஏற்கலாம், மறுக்கலாம். அடுத்தவர் பகுதியைத் தொடும்போது அதைப் போட்டுக்கங்க. காரணத்தை கமென்ட்டில் ஒரே வரியில் சொல்லுங்க. 'இது தப்பு' என்பதற்கும், 'ஒரத்துப்பாளையம் அணை கட்டின வருஷத்தை இன்னொரு தடவை பார்த்துடலாமா?' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ரெண்டாவதைப் படிக்கிறவருக்கு என்ன செய்யணும்னும் தெரியும், மனசும் நோகாது.

தவறுதலா அழிச்சிட்டீங்களா? பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் 'ஃபைல்' மெனுவுக்குள் 'வெர்ஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. எந்த நேரத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்பது அங்கே தெரியும். பழைய வடிவத்தையும் மீட்கலாம். ஆனால் ஒன்று. 'நானும் நிறைய எழுதினேன் சார்' என்று சொல்பவரின் கதையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கமாவை மட்டும் வைத்துவிட்டு வெளியேறியதும் தெரியும்.

4. வெட்டி ஒட்டினா மொத்த லாட்டும் ரிஜெக்ட்

இது வெறும் அறிவுரை இல்லை. நிஜமாகவே நடந்த கதை ஒன்று உண்டு. 2011-ல் விக்கிமீடியா நிறுவனம் 'இந்தியக் கல்வித் திட்டம்' என்ற பெயரில் புனேயில் ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் அழகானது. கல்லூரி மாணவர்கள் தங்கள் பாடம் தொடர்பான கட்டுரைகளை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவார்கள், அது வகுப்பு வேலையாகவும் கணக்காகும். நூற்றுக்கணக்கான மாணவர்கள் சேர்ந்தார்கள்.

நடந்தது வேறு. கணிசமான மாணவர்கள் பாடப்புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் அப்படியே எடுத்துப் போட்டார்கள். அது காப்புரிமை மீறல். உலகின் வெவ்வேறு மூலைகளில் சம்பளம் வாங்காமல் உழைக்கும் தன்னார்வலர்கள், அவற்றைத் தேடித் தேடி நீக்கவேண்டி வந்தது. எச்சரித்த பிறகும் சிலர் அதையே மறுபடி ஒட்டினார்கள். கடைசியில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே புனே திட்டம் நிறுத்தப்பட்டது. ஒழுங்காக எழுதிய மாணவர்களும் அதே க்ரூப்பில்தான் இருந்தார்கள் என்பதுதான் இதில் வருத்தமான பகுதி.

மாணவர்களிடம் மட்டுமே குற்றம் இல்லை. எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று போதுமான பயிற்சி தராமல் ஒரேயடியாகப் பெரிய எண்ணிக்கையில் இறக்கிவிட்டதும் காரணம். ஆனால் 'யாரும் சொல்லித் தரலை' என்பது நமக்கு இனிமேல் சாக்கு இல்லை, இல்லையா?

இதே மாதிரி முயற்சி நம்ம பக்கமும் நடந்திருக்கிறது. 2010-ல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதையொட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கான கட்டுரைப் போட்டி வைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. மாணவர் எழுதிய ஒரு பக்கம், பரீட்சை விடைத்தாள் மாதிரி கட்டி மூலையில் போடப்படாமல், அடுத்தவர் படித்துத் திருத்தி வளர்க்கும் பொதுச் சொத்தாக முடியும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

சரி, காப்பி அடிக்காம எப்படி எழுதுறது? படிங்க. டேபை மூடுங்க. பக்கத்து சீட்டு ஃப்ரெண்டுக்குச் சொல்ற மாதிரி உங்க வார்த்தையில எழுதுங்க. பிறகு திறந்து, வருஷமும் எண்ணும் சரியான்னு பாருங்க. எங்கிருந்து எடுத்தீங்கன்னு அந்த இடத்துலயே குறிச்சு வைங்க. '2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது' என்று எழுதினால், அது எந்தச் செய்தியில், எந்தத் தேதியில் வந்தது என்பதும் கூடவே இருக்க வேண்டும். கடைசி நாள் தேடினா கிடைக்காது.

ஏஐ கருவிகளுக்கும் இதே விதிதான். புரியாததை விளக்கச் சொல்லிக் கேளுங்க, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்க. ஆனால், அது அடித்துச் சொல்லும் புத்தகமும் தீர்ப்பும் உலகத்திலேயே இல்லாததாகவும் இருக்கலாம். நீங்க கண்ணால பார்க்காத ஆதாரத்தை க்ரூப் ஃபைலில் போடாதீங்க. ஏஐ உதவி வாங்கியிருந்தா, டீமுக்கும் டீச்சருக்கும் சொல்லிடுங்க.

இப்பவே இந்தப் பழக்கம் எதுக்கு? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேடுகளில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவிகிதத்தைத் தாண்டினால் நடவடிக்கை ஆரம்பிக்கும். 60 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்தாகும். ஃபர்ஸ்ட் இயர் ப்ராஜெக்ட்டில் பழகிய கைதான் நாளைக்கு ஆய்வேட்டையும் எழுதப்போகிறது.

5. கம்பெனிக்குள்ள எடுத்த போட்டோ... உஷார்!

திருப்பூர் ப்ராஜெக்ட் என்றால் கட்டாயம் ஒரு பனியன் கம்பெனி போட்டோ இருக்கும். அப்பா சூப்பர்வைசர், அம்மா செக்கிங், மாமா டையிங் மாஸ்டர். போனை எடுத்துக்கிட்டு உள்ளே போறது சுலபம். அங்கேதான் கவனம் வேணும்.

டேபிள் மேலே கிடக்கும் துணியில் வெளிநாட்டு பையரின் லேபிள் இருக்கலாம். இன்னும் கடைக்கே வராத டிசைனாக இருக்கலாம். சுவரில் ஒட்டிய தாளில் ஆர்டர் விவரம் இருக்கலாம். நீங்க ஷேர்டு ஃபோல்டரில் போட்ட போட்டோ, 'லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம்' என்ற செட்டிங்கில் இருந்தா, அது க்ரூப்போட நிக்காது. கேள்வி கேட்கப்படுவது உங்களை இல்லை, உள்ளே கூட்டிட்டுப் போன அப்பாவை. உங்களுக்கு இது இன்டர்னல் மார்க், அவருக்கு வேலை.

அதே மாதிரிதான் தொழிலாளர்களின் முகமும் பேச்சும். 'அக்கா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காகப் பேசறேங்க. உங்க பேரு போட மாட்டோம். போட்டோ எடுக்கலாங்களா?' என்று கேட்டுவிட்டு எடுங்க. வேண்டாம் என்றால் விட்டுடுங்க. சம்பளம், மேனேஜர், வேலை நேரம் பற்றி ஒருவர் மனம் திறந்து பேசியிருந்தால், அடையாளம் தெரியாதபடி எழுதுவது உங்க கடமை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து வேலை பார்க்கும் அண்ணனுக்கு, நீங்க தமிழில் கேட்டதுக்கு அவர் தலையாட்டினார்னா அது சம்மதமா, மரியாதையா என்று யோசிங்க. அவர் மொழி தெரிந்தவரை வெச்சு விளக்கிட்டுக் கேளுங்க.

ஃபைலுக்கு 'ரெஸ்ட்ரிக்டட்' போட்டு, டீம் மெம்பர்களின் மெயில் ஐடியை மட்டும் சேருங்க. மதிப்பெண் போடும் ஆசிரியருக்குப் பார்க்கவும் கமென்ட் போடவும் அனுமதி போதும். கூட்டு ஃபைலின் லிங்க்கை ஸ்டேட்டஸில் வைக்காதீங்க.

6. காணாமப்போனவரை முதல்ல கேளுங்க

ஆரம்பத்தில் சொன்ன அந்த வாட்ஸ்அப் க்ரூப்புக்கு வருவோம். மெசேஜைப் பார்க்காத அந்த ஐந்தாவது ஆள். 'ஓசி மார்க்குக்கு வந்தவன்' என்று தனி க்ரூப் ஆரம்பித்துப் பேசத் தோணும். இருங்க.

இது திருப்பூர். காலேஜ் முடிஞ்சு சாயந்தரம் அரை ஷிஃப்ட் தைக்கப் போகும் பிள்ளைகள் உள்ள ஊர். லைனில் போனை வெளியே எடுக்க விடமாட்டார்கள். வீட்டுக்கே ஒரே ஸ்மார்ட்போன், அது அப்பா ஒன்றரை ஷிஃப்ட் முடிச்சு வந்த பிறகுதான் கைக்கு வரும் என்ற வீடுகளும் இருக்கு. டேட்டா தீர்ந்திருக்கலாம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். இவர்களும் சோம்பேறியும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்!

அதனால் க்ரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காமல், தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி. "எந்த நேரம் உனக்கு முடியும்? எந்த வேலை முடியும்?" நேரலையில் சேர முடியாதவருக்கு, தன் நேரத்தில் செய்து வைக்கக்கூடிய வேலையைக் கொடுங்க. கூகுள் டாக்ஸ் செயலியில் ஃபைலை ஆஃப்லைனுக்கு வைத்துக்கொள்ளலாம். நெட் இல்லாதபோது எழுதியது, நெட் வந்ததும் சேர்ந்துகொள்ளும். டைப் செய்யக் கஷ்டமா? வாய்ஸ் நோட்டாகச் சொல்லட்டும், இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும். சாயப்பட்டறையைப் பத்தி, அதுல வேலை பார்த்த பையனுக்குத் தெரிஞ்ச அளவு எந்த வெப்சைட்டுக்குத் தெரியும்?

அந்த ஐந்தாவது ஆள் நீங்களா? அப்போ உங்க பக்கமும் ஒரு கடமை உண்டு. முன்கூட்டியே சொல்லிடுங்க. "வியாழன், வெள்ளி எனக்கு ஷிஃப்ட் இருக்கு, புதன்கிழமைக்குள்ள என் பார்ட்டைத் தந்துடுறேன்" என்ற ஒரு வரி. கூச்சப்பட ஒண்ணுமில்லை. உழைச்சுப் படிக்கிறது மறைக்கவேண்டிய விஷயமா என்ன? மௌனம்தான் டீமைக் கவிழ்க்கும்.

கேட்டாச்சு, நேரம் கொடுத்தாச்சு, வேலையும் மாத்திக் கொடுத்தாச்சு, அப்பவும் எதுவும் வரலையா? அப்போ ஆசிரியரிடம் சொல்வது போட்டுக்கொடுப்பது ஆகாது. ஆனால் சப்மிஷனுக்கு முந்தின நாள் இல்லை, ஒரு வாரம் முன்னாடியே சொல்லுங்க. ஆதாரமாக அந்த முதல் பக்க அட்டவணை இருக்கும்.

7. செக்கிங் முடியாம பேக்கிங் இல்லை

எந்தக் கம்பெனியிலும் செக்கிங் பார்க்காமல் பெட்டி கட்ட மாட்டார்கள். உங்க ப்ராஜெக்ட்டிலும் ஒவ்வொருவரும் தன்னுடையது அல்லாத ஒரு பகுதியை ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். எண், பெயர், வருடம், படத்துக்கான அனுமதி. இந்த நாலும் போதும்.

கடைசிப் பக்கத்தில் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்க. செய்யாதவர் பெயரை நட்புக்காகச் செய்தவர் பட்டியலில் சேர்ப்பது அன்பு இல்லை. உழைத்தவரின் உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது. போட்டோ எடுத்தவர், வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கியவர், பேட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் எல்லோருக்கும் அந்தப் பத்தியில் இடம் இருக்கட்டும்.

முகப்புப் பக்கத்தில் ஐந்து பெயரும் வரிசையாக இருக்கும். மூன்றாம் பக்கத்தில் தப்பு இருந்தால், அதை எழுதியவரை மட்டும் ஆசிரியர் கேட்க மாட்டார். டி-ஷர்ட்டில் ஒரு தையல் பிரிந்தால், வாங்கினவர் ஓவர்லாக் டைலரையா தேடுவார்? மொத்தச் சட்டையும் மோசம் என்றுதான் சொல்வார்.

அடுத்த முறை ராத்திரி 11.40-க்கு அந்த மெசேஜ் வரும்போது, கட்டைவிரல் எமோஜிக்குப் பதிலா ஒரு வரி டைப் பண்ணுங்க. "என் பார்ட் முடிஞ்சுது. உன்னுது ஏதாவது பாக்கி இருக்கா, நான் செக் பண்ணவா?"

அந்தப் பக்கம் பெருமூச்சு விட உட்கார்ந்த ஒரு ஆள், அன்னிக்கு 12 மணிக்கு முன்னாடி தூங்கப் போவாங்க.